கும்பப்பூ நடவும் குளக்கரைப் பள்ளிக்கூடமும்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்தால் காற்று ஆளைத் தள்ளும். முப்பந்தல் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும். புரட்டாசி பாதியானதும் அந்தக் காற்று தணிந்துவிடும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தோவாளை மலையின் பாறைகள் கறுத்து, அடிவாரத்து வயல்கள் ஒரே தண்ணீர்ப் பரப்பாகத் தெரியும். மேற்கு நாடுகளில் இலையுதிர் காலம் என்று சொல்லும் இதே மாதங்களைத் தொல்காப்பியம் கூதிர் என்று குறித்தது. இங்கே இலை உதிர்வதில்லை. நாற்று நடும் காலம் இது.

இந்த மாதங்களில் தோவாளையிலிருந்து திருப்பதிசாரம், தேரூர், சுசீந்திரம் என்று போகிறவர்கள் கண்ணில் இரண்டு காட்சிகள் திரும்பத் திரும்பப் படும். ஒன்று, தொளி கலக்கி மரம் அடித்த வயல். மற்றொன்று, அந்த வயலுக்கும் குளத்துக்கும் நடுவே, ஒரு வேம்பும் கொடிக்கம்பமும் சத்துணவுக் கூடமுமாக நிற்கும் சின்னத் தொடக்கப் பள்ளி. வயலில் நிற்பவர்களுக்குப் பள்ளிக்கூட மணி கேட்கும். வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு உழவு இயந்திரத்தின் ஓசை கேட்கும். இத்தனை அருகில் இருக்கும் இரண்டும் இப்போது ஒன்றையொன்று அறியாமல் இருக்கின்றன.

இரண்டு பூ, இரண்டு பருவம்

நாஞ்சில் நாட்டில் போகத்துக்குப் 'பூ' என்று பெயர். கொல்லம் ஆண்டின் கன்னி மாதத்தில், அதாவது புரட்டாசியில், அறுவடைக்கு வருவது கன்னிப்பூ. கும்ப மாதமான மாசியில் அறுவடைக்கு வருவது கும்பப்பூ. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. அதனால்தான் இரண்டு பூவும் சாத்தியமாயிற்று. மழையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால் கோதையாற்றை மறித்துப் பேச்சிப்பாறை அணை கட்டப்பட்டது. பொறியாளர் மிஞ்சின் மேற்பார்வையில் நடந்த அந்த வேலை 1906-ல் முடிந்தது. பெருஞ்சாணி அணை பின்னால் வந்தது. அனந்தனாறு, நாஞ்சில் நாடு புத்தனாறு, தோவாளைச் சானல் வழியாக வரும் தண்ணீர் குளங்களில் தேங்கி, மடை வழியே பத்துகளுக்குப் பாய்கிறது. ஒரு குளத்தின் பாசனத்தில் உள்ள வயல்பரப்பைத்தான் இங்கே பத்து என்கிறார்கள்.

பள்ளிக்கூடத்து நாட்காட்டியை இந்தப் பயிர் நாட்காட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் கைகோத்து நடப்பது தெரியும். ஜூன் மாதம் அணை திறக்கும்போது பள்ளியும் திறக்கிறது. காலாண்டுத் தேர்வு நடக்கும்போது கன்னிப்பூ அறுவடை. காலாண்டு விடுமுறை முடிந்து இரண்டாம் பருவப் பாடம் தொடங்கும்போது கும்பப்பூ நாற்றங்கால். அரையாண்டுத் தேர்வின்போது பயிர் தூர் கட்டி நிற்கும். மாசியில் அறுவடை முடிந்து, பிப்ரவரி கடைசியில் அணை அடைத்த பிறகு ஆண்டுத் தேர்வுக்கான படிப்பு. வேறெங்கும் இத்தனை பொருத்தம் அமைவது அரிது.

குளத்தின் ஓரத்துப் பள்ளி

தேரூர், சுசீந்திரம் குளங்கள் பறவைகளுக்குப் பேர்போனவை. 2022-ல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும், வேம்பனூர் ஈரநிலமும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலங்களாக அறிவிக்கப்பட்டன. ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை வந்து இறங்கும். இங்கேயே இருக்கும் நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான், தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி ஆகியவற்றோடு அவையும் சேர்ந்துகொள்ளும். தொளி கலக்கும் இயந்திரத்தின் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசையாக நடக்கும். வெளியூர்க்காரர்கள் கேமராவோடு தேடி வரும் காட்சிகள் இவை. குளக்கரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவை சன்னலுக்கு வெளியே இருக்கின்றன.

இப்படிப்பட்ட பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் இரண்டு இலக்கத்தைத் தாண்டாது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பையும் அந்த இருவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அவரவர் கற்ற நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறார்கள். பூ என்றால் விளைச்சல் என்று பொருள் கொண்ட ஊருக்கு ஏற்ற பெயர்கள்தான்.

ஆனால் அரும்பில் சேர ஆள் வேண்டும். பத்துகளில் ஒரு பகுதி தென்னையாகவும் வாழையாகவும் மாறியது. இன்னொரு பகுதி மனையாகிக் கல் நடப்பட்டது. நெல் வேலையை நம்பியிருந்த குடும்பங்கள் நாகர்கோவில் பக்கமும் வெளிநாட்டுக்கும் போயின. இருக்கிற வீடுகளின் வாசலுக்கே காலையில் தனியார் பள்ளி வேன் வருகிறது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. அந்த எழுத்தறிவுக்கு அடித்தளமிட்ட சின்னப் பள்ளிகளில்தான் இப்போது பிள்ளைகள் குறைகிறார்கள். 2019-ல் தமிழ்நாட்டில் ஒரு மாணவர்கூடச் சேராத 40-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை நூலகங்களாக மாற்றும் நிலை வந்தது. நெல் போன வயலும், பிள்ளை போன பள்ளியும் ஒரே பாதையில்தான் போகின்றன.

மடத்துக்குப் போய்த் தமிழ் படித்த பிள்ளை

இந்த மண்ணில் பள்ளிக்கூடம் எளிதாகக் கிடைத்த ஒன்றல்ல. 1806-ல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே என்ற மிஷனரி, கோயிலைக் கட்டியதோடு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கப் பள்ளிகளையும் தொடங்கினார். 1817-ல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். இருந்தாலும் தெருவில் நடக்கவே எல்லாருக்கும் உரிமை இல்லாத காலம் அது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-ல் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேச அறிக்கை வந்த பிறகுதான் கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து படிப்பதும், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதும் இப்படிப் பெற்றவைதான்.

மொழியும் அப்படித்தான். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876 ஜூலை 27-ல் தேரூரில் பிறந்தவர். அன்றைய திருவிதாங்கூர் ஆட்சியில் அவர் பள்ளியில் மலையாளம் படிக்க வேண்டியிருந்தது. தமிழ் படிக்க வேண்டும் என்ற ஆசையில் அவர் பக்கத்திலுள்ள வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்துக்குப் போய்ச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் பாடம் கேட்டார். பிறகு ஆசிரியராகவே வாழ்ந்தார். குழந்தைகளுக்காக அவர் எழுதிய பாட்டுகளைப் படிக்காத தமிழ்ப் பிள்ளை இல்லை. 1954 செப்டம்பர் 26-ல் அவர் காலமானார். அந்த ஆண்டு ஆகஸ்டு 11-ல்தான் தாய்த் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. மார்ஷல் நேசமணி போன்றோர் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பயனாக, 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு இணைந்தன. மடத்துக்குப் போய்த் தமிழ் படிக்க வேண்டியிருந்த ஊரில், வீட்டுப் பக்கத்துப் பள்ளியிலேயே தமிழில் படிக்கலாம் என்றாயிற்று.

பூவும் பலகையும்

இங்கே கூதிர் கால விழாக்கள் நவராத்திரியோடு தொடங்குகின்றன. சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை பல்லக்கில் புறப்படுவாள். பத்மநாபபுரத்தில் தேவாரக்கட்டு சரஸ்வதி யானை மீதும், வேளிமலைக் குமாரசுவாமி பல்லக்கிலும் சேர்ந்துகொள்ள, மூன்று சாமிகளும் திருவனந்தபுரம் போவது திருவிதாங்கூர் மன்னர் காலத்து வழக்கம். பத்மநாபபுரம் அரண்மனையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடந்த பிறகே ஊர்வலம் கிளம்பும். வழியோர ஊர்களில் விளக்கேற்றி, பழமும் பூவும் வைத்து வரவேற்பார்கள். மாநில எல்லை மாறி இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்த வழக்கம் மாறவில்லை.

தோவாளைப் பூச்சந்தையில் அந்த வாரம் விடியுமுன்னே கூட்டம் நெரியும். நாஞ்சில் நாட்டுக் குளங்களில் பறித்த தாமரையும் அங்கே வந்து சேரும். ஆயுத பூசையன்று மண்வெட்டி, அரிவாள், பவர் டில்லர், விசைத்தெளிப்பான் எல்லாம் கழுவிச் சந்தனம் வைக்கப்படும். அதே பூசையில்தான் பிள்ளைகளின் பாடப் புத்தகமும் இருக்கும். மறுநாள் விஜயதசமி. அரிசியில் விரல் பிடித்து முதல் எழுத்து எழுத வைக்கும் நாள். அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளைத் திறந்து வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கக் கல்வித்துறை அறிவுறுத்திய ஆண்டுகளும் உண்டு. விதைப்பும் எழுத்தும் ஒரே வாரத்தில் தொடங்குகின்றன.

அடுத்து தீபாவளி. நவம்பர் 14 குழந்தைகள் தினம். கார்த்திகையில் சொக்கப்பனையும், பனையோலை வாசமுள்ள கொழுக்கட்டையும். டிசம்பர் 3-ல் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. எந்தச் சாமியின் விழாவானாலும் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் விடுமுறை ஒன்றுதான். இவற்றுக்கு நடுவே அடைமழைக்கு மாவட்ட ஆட்சியர் விடும் விடுமுறை தனி. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வாழையையும் ரப்பரையும் தென்னையையும் சாய்த்து, கடலுக்குப் போனவர்களையும் கொண்டுபோனது. 2021 நவம்பர் மழையில் நட்ட வயல்கள் மூழ்கின. இந்த மாதங்களின் மகிழ்ச்சிக்குப் பின்னால் அந்த அச்சமும் எப்போதும் உண்டு.

நடவு நாளில் வெறுமையான பாய்கள்

முற்காலத்தில் நடவு தொடங்கினால் வகுப்பில் ஆள் குறையும். தாய் நாற்று நடப் போவாள். மூத்த பெண்பிள்ளை கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கும். பையன் நாற்றுமுடி சுமப்பான், அல்லது மாட்டைப் பார்ப்பான். அறுவடை நாட்களிலும் இதே கதைதான். பயிர் நாட்காட்டியும் பள்ளி நாட்காட்டியும் ஒத்துப்போனது பிள்ளைக்கு நன்மையாக இருக்கவில்லை. இரண்டும் ஒரே பிள்ளையை இரண்டு பக்கமும் இழுத்தன.

அந்தப் பிள்ளையைப் பள்ளிப் பக்கம் இழுத்தது சோறு. 1956-ல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் கொண்டுவந்தார். குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்ததும் அதே ஆண்டுதான். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் நடக்கிறது. சட்டமும் துணை நின்றது. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் செய்த திருத்தத்தின்படி 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரம் போக, விடுமுறை நாளில், தன் குடும்பத்துக்குத் துணையாக இருப்பதற்கு விலக்கு உண்டு.

பிள்ளை வயலிலிருந்து பள்ளிக்கு வந்தது பெரிய வெற்றி. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் இன்னொன்றும் கூடவே நடந்துவிட்டது. வேலைக்குப் போகாத பிள்ளை, பார்ப்பதற்கும் வயலுக்குப் போவதில்லை. நடவு இயந்திரம் வந்ததால் வீட்டுப் பெண்களும் வயலுக்குப் போவது குறைந்தது. நாற்று எத்தனை நாளில் பிடுங்க வேண்டும் என்று பத்துக்குப் பக்கத்திலேயே படிக்கும் பிள்ளைக்குத் தெரிவதில்லை. பாடப் புத்தகத்தில் நெற்பயிரின் படத்தைப் பார்த்துப் பெயர் எழுதுகிறது. சன்னலுக்கு வெளியே இருப்பதும் அதே பயிர்தான் என்று யாரும் காட்டுவதில்லை. பிள்ளையைப் பள்ளியிலிருந்து வயலுக்கு இழுத்தது பழைய தவறு. வயலைப் பள்ளிக்குக் கொண்டுபோகாமல் இருப்பது இன்றைய குறை.

உருளைக்கிழங்கு விடுமுறையும் வாளி நெல்லும்

இந்தச் சிக்கல் நாஞ்சில் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஸ்காட்லாந்தில் அக்டோபர் மாதப் பள்ளி விடுமுறையை இன்றும் உருளைக்கிழங்கு விடுமுறை என்று சொல்பவர்கள் உண்டு. கிழங்கு பொறுக்கப் பிள்ளைகளை அனுப்புவதற்காக விட்ட விடுமுறை அது. இயந்திரம் வந்தது, பிள்ளைகள் வயலுக்குப் போவது நின்றது, பெயர் மட்டும் மிஞ்சியது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் அரூஸ்டுக் பகுதியில் கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விடும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அங்கும் அது தேய்ந்து வருகிறது.

ஜப்பான் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கே ஐந்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்தில் நெல் சாகுபடி உண்டு. பல தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆசிரியரோடும் ஊர் விவசாயியோடும் சேர்ந்து ஒரு சின்ன வயலில் நாற்று நட்டு, இலையுதிர் காலத்தில் அறுத்து, அந்த அரிசியைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். வயல் இல்லாத நகரத்துப் பள்ளிகளில் வாளியில் மண் நிரப்பி நெல் வளர்க்கிறார்கள். 2005-ல் உணவுக் கல்விக்கென்றே ஒரு சட்டமும் இயற்றினார்கள். வாளியில் விளைவது கைப்பிடி அரிசிதான். அதற்கு எத்தனை நாள், எத்தனை தண்ணீர், எத்தனை கவனிப்பு வேண்டும் என்பதைப் பிள்ளை தெரிந்துகொள்கிறது.

வாளி நெல்லை நாஞ்சில் நாட்டுப் பள்ளிகளிலும் இந்த ஐப்பசியிலேயே செய்யலாம். 10 முதல் 15 லிட்டர் பிடிக்கும் பழைய வாளி போதும். வயல் மண்ணைக் கல் நீக்கி, மேலே நாலு விரல் இடம் விட்டு நிரப்பித் தண்ணீர் ஊற்றிக் குழைக்க வேண்டும். பக்கத்து நாற்றங்காலிலிருந்து 21 முதல் 25 நாள் வயதுள்ள நாற்று இரண்டு மூன்றை ஒரே குத்தாக, ஒரு அங்குல ஆழத்தில் நட வேண்டும். அதைவிட ஆழமாக நட்டால் தூர் குறையும். தண்ணீர் ஒரு அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை நின்றால் போதும். தொழு உரம் ஒரு கை. வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டும். பால் பிடிக்கும் பருவத்தில் வலை போட்டு மூடாவிட்டால் குருவிகள் முந்திக்கொள்ளும். அறுப்பதற்குப் பத்து நாள் முன்னே தண்ணீரை வடித்துவிட வேண்டும். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.பி.எஸ். 5, அல்லது இங்கே வெகுநாளாகப் புழங்கும் அம்பை 16 போன்ற ரகங்களை நட்டால், தை கடைசி அல்லது மாசியில் கதிர் முற்றிவிடும். ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் அறுவடையைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

ஒரு காலைப் பொழுது

பள்ளிக்குப் பக்கத்தில் வயல் வைத்திருப்பவர்கள் கொடுக்க வேண்டியது, பருவத்துக்கு இரண்டு மூன்று காலைப் பொழுதுகள் மட்டுமே. நாற்றுப் பறிக்கும் நாளில் ஒரு மணி நேரம், தூர் கட்டும் பருவத்தில் ஒரு முறை, கதிர் வந்த பிறகு ஒரு முறை. 'மக்களே, வரப்பப் பாத்து நடங்க' என்று சொல்லிக் கூட்டிப்போக ஒரு பாட்டா இருந்தால் போதும். பிள்ளைகள் வேலை செய்யத் தேவையில்லை. பார்க்கட்டும், கேட்கட்டும், எண்ணட்டும்.

எண்ணுவதற்கு வயலில் நிறைய உண்டு. இலை வண்ண அட்டையை எடுத்துக்கொள்ளலாம். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள், பத்துக் குத்துகளில் முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையின் பச்சை நிறத்தோடு ஒப்பிட வேண்டும். நேர் வெயில் அட்டையில் படாமல் உடம்பால் மறைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான ரகங்களுக்குப் பத்தில் ஆறு இலை நான்காம் எண்ணைவிட வெளிறியிருந்தால் தழைச்சத்து தேவை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தால், வயல்காரருக்கும் தேவையில்லாத ஒரு தடவை யூரியா மிச்சம்.

மழைக் கணக்கும் அப்படித்தான். நேரான பக்கமுள்ள அகன்ற வாய் பாட்டிலையும் ஒரு அளவுகோலையும் பள்ளி முற்றத்தில், மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, வைத்தால் மழைமானி தயார். தினமும் காலை ஒரே நேரத்தில் அளந்து, கரும்பலகையின் மூலையில் எழுதலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். இந்தப் பெருக்கலைச் சொந்தமாகப் போட்ட பிள்ளை குளத்தை அதன் பிறகு வேறு கண்ணோடு பார்க்கும். பத்துக்காரர்களும் மடையைத் திறக்கலாமா, மேலுரம் போடலாமா என்று பார்க்க அந்தக் கரும்பலகைக்கு வருவார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஊரில் ஒரு புது மதிப்பு அங்கே தொடங்கும்.

மழைக்காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது சில கட்டுப்பாடுகள் கட்டாயம் வேண்டும். மருந்து தெளித்த வயலுக்கு அருகில் அந்த வாரம் கூட்டிப்போகக் கூடாது. காலில் புண்ணோ கீறலோ உள்ள பிள்ளை தொளியில் இறங்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். திரும்பியதும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவ வேண்டும். வரப்புப் பொந்தில் கை விடக் கூடாது. நிரம்பிய குளத்தின் கரைக்கும் மடைப் பக்கத்துக்கும் பெரியவர் இல்லாமல் ஒருபோதும் போகக் கூடாது. பறவை பார்க்கப் பள்ளி சன்னலே போதும்.

சத்துணவுக் கூடத்தின் பின்பக்கம்

சத்துணவுக் கூடத்துப் பின்னால் ஒரு சென்ட் இடம் இருந்தாலும் தோட்டம் போடலாம். ஐப்பசி அடைமழையில் கீரை விதைத்தால் விதை அடித்துக்கொண்டு போய்விடும். இந்த மாதத்தில் செய்ய வேண்டியது மண்வேலை. அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எடுத்து, நடுவே வடிகால் விட வேண்டும். முருங்கைப் போத்தைத் தண்ணீர் நிற்காத மேட்டில் நட வேண்டும். பப்பாளி, கறிவேப்பிலைக் கன்றுகளை வேலியோரம் நடலாம். கை கழுவும் தண்ணீர் போகும் பக்கம் ஒரு மட்டி வாழை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழத்தைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது குமரி வீடுகளின் பழைய வழக்கம். கார்த்திகை பாதிக்குப் பிறகு மழை விட்டதும் தண்டுக்கீரை, வெண்டை, கத்தரி. விதைக்குப் பணம் தேடி அலைய வேண்டாம். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி விதை இருக்கும்.

நவம்பர் 1-ல் எழுப்ப வேண்டிய குரல்

2022-லிருந்து நவம்பர் 1 உள்ளாட்சி தினமாகவும் கொண்டாடப்பட்டு, அன்று கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2-லும் கிராம சபை உண்டு. நடவுக் காலத்தில் ஒரே மாதத்துக்குள் இரண்டு கூட்டம். பாசனக் கால்வாய், குளத்து மடை, ஆகாயத்தாமரை பற்றி விவசாயிகள் அங்கே பேசுவது வழக்கம். அதே மூச்சில் பள்ளியையும் பேச வேண்டும். முற்றத்தில் தண்ணீர் தேங்குகிறதா, சுற்றுச்சுவர் ஈரத்தில் சாய்ந்திருக்கிறதா, கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, பள்ளிக்கு வரும் பாதையில் வாய்க்கால் பாலம் திடமாக இருக்கிறதா என்பவையும் மழைக்காலத்து வேலைகள்தாம். பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு எழுதிக் கொடுத்தால் அது தீர்மானமாகும். தீர்மானமானால் அதைப் பின்தொடரலாம்.

பேச வேண்டிய இன்னொரு கணக்கும் உண்டு. அடுத்த ஜூனில் இந்த ஊரில் ஐந்து வயதாகும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இந்தப் பள்ளிக்கு வருவார்கள் என்ற கணக்கு. பத்துப் பிள்ளைகள் கூடினால் ஒரு சின்னப் பள்ளி பல ஆண்டுகள் தாங்கும். இருவர் மூவராகக் குறைந்துகொண்டே போனால் ஒரு நாள் பூட்டு விழும். குளம் தூர்ந்து, மடை அடைந்து, பத்து மனையாவது எப்படி ஒரே நாளில் நடப்பதில்லையோ, அப்படித்தான் இதுவும். கடைசிக் கல் நடும்போதுதான் ஊர் கவனிக்கிறது.

வயலோரம் பள்ளி இருப்பது விவசாயிக்கும் பலம்தான். நெல்லின் பருவம் தெரிந்த பிள்ளை வளர்ந்து அதிகாரியானாலும் வியாபாரியானாலும், பத்தை மனையாக்கக் கையெழுத்துப் போடுமுன் ஒரு கணம் நின்று யோசிக்கும். வயலில் கால் வைக்காமலே வளர்ந்த பிள்ளைக்கு அது வெறும் சென்ட் கணக்கு.

கும்பப்பூ நாற்று இப்போது நாற்றங்காலில் நிற்கிறது. அதில் மூன்று நாற்றைப் பள்ளி வாளிக்கு ஒதுக்குவதால் யாருக்கும் குறைவில்லை. வாளியில் நட்ட பயிரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எழும் கேள்விகளை, பள்ளியின் பெயரோடு ஓர் அஞ்சலட்டையில் நமது கேள்வி பதில் பகுதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். இலை ஏன் மஞ்சளாகிறது, தூர் ஏன் வரவில்லை, கொக்கு ஏன் நம் வயலுக்கு மட்டும் வருகிறது என்று எதுவானாலும் கேட்கட்டும்.